ஆர்டர் வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிற மதிப்பெண்

ஆன்லைனில் பொருள் விற்கிற நண்பர்கள் உள்பெட்டியில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "டேஷ்போர்டு சிவப்பாகிவிட்டது, எப்படிப் பச்சைக்குக் கொண்டுவருவது?" டேஷ்போர்டு என்பது நம் மதிப்பெண்களைத் தளம் காட்டுகிற பக்கம்; வரம்பு தாண்டினால் சிவப்பு. கேட்கும்போது அவர்கள் குரலில் இருக்கிற பதற்றம் எனக்கு நன்றாகவே புரியும். நானும் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். ஆனால் கேள்வி வந்து சேர்வது எப்போதுமே தாமதமாகத்தான். சிவப்பு தெரிகிற நாளில் தவறு நடப்பதில்லை. லிஸ்டிங் போட்ட, அதாவது பொருளை விற்பனைக்குப் பதிந்த அன்றைக்கே, ஸ்டாக் எண்ணிக்கை என்ற கட்டத்திலும் ஹேண்ட்லிங் டைம் (ஆர்டர் வந்து எத்தனை நாளில் அனுப்புவோம்) என்ற கட்டத்திலும் நாமே நிரப்பிய இரண்டு எண்களில் அது நடந்து முடிந்திருக்கும்.

என் கதையையே சொல்கிறேன். துணிப்பை விற்கிறேன். ஒரே சரக்கை இரண்டு தளங்களில் போட்டிருந்தேன். ஒரு ரகத்தில் கையில் இருந்தது பன்னிரண்டு பை. இரண்டு இடத்திலும் பன்னிரண்டு என்றே பதிந்துவிட்டேன். ஒன்றில் விற்றால் மற்றதில் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒருநாள் இரவு இரண்டிலும் சேர்ந்து விற்றது. அந்த வாரம் ஒரு தளத்தில் மொத்தம் 40 ஆர்டர், அதில் 3 ஆர்டரை நானே கேன்சல் செய்ய வேண்டியதாயிற்று. மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் அது 7.5 சதவீதம். விற்பனையாளர் தரப்பு கேன்சல் விகிதத்துக்கு அமேசான் வைத்திருக்கும் வரம்பு 2.5 சதவீதம், அதுவும் 7 நாள் கணக்கில். அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் நான் மூன்று மடங்கு.

அப்போது தெரிந்தவர் ஒருவர் ஒரு வழி சொன்னார். "கேன்சல் காரணத்தில் 'வாங்குபவர் கேட்டார்' என்று போட்டுவிடு, உன் கணக்கில் ஏறாது." இதை இன்றைக்கும் பலர் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது பொய் என்பது முதல் காரணம். விதிமீறல் என்பது இரண்டாவது. மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: தான் கேட்காத கேன்சலைத் தன் பெயரில் பார்க்கிற கஸ்டமர் கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் போடுவார். 2.5 சதவீத வரம்புள்ள ஒரு கணக்கைக் காப்பாற்றப் போய், 1 சதவீத வரம்புள்ள கணக்கில் அடி வாங்குகிறோம்.

அந்த 1 சதவீதம்தான் இருப்பதிலேயே கடுமையானது. அமேசானில் ஆர்டர் டிஃபெக்ட் ரேட், அதாவது குறையுள்ள ஆர்டர்களின் விகிதம் என்பார்கள். ஒன்று அல்லது இரண்டு நட்சத்திர பீட்பேக், ஏ டு இசட் உத்தரவாதப் புகார் (வாங்குபவர் நம்மைத் தாண்டி அமேசானிடமே கொடுக்கும் புகார்), கிரெடிட் கார்டு வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்பது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று விழுந்தாலும் அந்த ஆர்டர் குறையுள்ளது. 60 நாள் கணக்கு பார்ப்பார்கள். இரண்டு மாதத்தில் ஆயிரம் ஆர்டர் அனுப்புகிறவருக்கு ஒன்பது பேர் வரை கோபப்படலாம். எண்பது ஆர்டர் மட்டுமே அனுப்புகிறவருக்கு ஒரே ஒருவர் கோபப்பட்டாலே 1.25 சதவீதம், வரம்பு தாண்டியாயிற்று. இது சிறிய விற்பனையாளருக்கு நியாயமான கணக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஈபேயில் ஒரு சில வெவ்வேறு வாங்குபவர்களிடமிருந்து குறை வந்த பிறகுதான் விகிதம் நம் நிலையைப் பாதிக்கிறது. அந்த முறை எல்லா இடத்திலும் வர வேண்டும்.

வரும்வரை என்ன செய்வது? வாக்கைக் குறைத்துக் கொடுப்பது. ஒரே நாளில் அனுப்ப முடிந்தாலும் நான் இரண்டு நாள் என்றுதான் போடுகிறேன். இதனால் விற்பனை குறையும் என்று நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். உண்மைதான், வேகமாக வரும் பொருளைத்தான் பலர் தேர்ந்தெடுப்பார்கள். அந்த இழப்பை நான் தெரிந்தே ஏற்கிறேன். ஏனென்றால் அமேசானில் தாமத அனுப்புதல் விகிதம் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, கூரியர் ஆள் வரவில்லை, பிரிண்டர் மக்கர் செய்கிறது என்று ஒரு நாள் கெட்டால் அந்த எல்லை போய்விடும்.

இதற்கும் ஒரு குறுக்கு வழி உலவுகிறது. லேபிளை அச்சடித்து 'அனுப்பிவிட்டேன்' என்று அழுத்திவிட்டு, பார்சலை இரண்டு நாள் கழித்துக் கொடுப்பது. ஆனால் கூரியர்காரர் பார்சலை வாங்கி முதல் ஸ்கேன் செய்யும் நேரம் பதிவாகிறது. ஈபே அந்த முதல் ஸ்கேனைத்தான் பார்க்கிறது. கஸ்டமரும் டிராக்கிங்கைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பீட்பேக் பற்றிப் பலர் கவனிக்காத ஒன்று. பொருளுக்கு வரும் ரிவ்யூ வேறு, விற்பனையாளருக்கு வரும் பீட்பேக் வேறு. "பையின் நிறம் பிடிக்கவில்லை" என்று பொருளைப் பற்றி மட்டுமே எழுதியதை விற்பனையாளர் பீட்பேக்கில் போட்டிருந்தால், அமேசானில் அதை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பது நம் உரிமை. ஆனால் "நட்சத்திரத்தை மாற்றினால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று கஸ்டமரிடம் பேரம் பேசக் கூடாது. அது கணக்கையே முடக்கும். பணம் தர வேண்டியது நியாயம் என்றால் எதையும் கேட்காமல் கொடுத்துவிட வேண்டும்.

அதைவிட முக்கியம், பதில் சொல்வது. ஏ டு இசட் புகார் கொடுப்பதற்கு முன் வாங்குபவர் நமக்கு எழுதி 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நாள்தான் நம் கையில் இருக்கும் நேரம். அதற்குள் பேசித் தீர்த்தால் புகாராகவே பதிவாகாது. கைவினைப் பொருள் தளமான எட்சியில் ஸ்டார் செல்லர் என்ற முத்திரை பெற வேண்டுமானால் முதல் செய்திகளில் 95 சதவீதத்துக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் போயிருக்க வேண்டும், சராசரி ரேட்டிங் 4.8 இருக்க வேண்டும். முழு விடை தெரியாவிட்டாலும் "பார்த்துவிட்டேன், நாளை மதியத்துக்குள் சொல்கிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். என் அனுபவத்தில், பணத்தைவிட மௌனம்தான் மனிதர்களைக் கோபப்படுத்துகிறது.

போன மாதம் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டேன். முதல் நாளே, எழுந்து உட்கார முடியாத நிலையிலும், போனிலிருந்து கடையை விடுமுறை நிலைக்கு மாற்றினேன். புது ஆர்டர் வருவது நின்றது. ஏற்கனவே வந்திருந்தவை பதினொன்று. பதினொரு பேருக்கும் தனித்தனியாக எழுதினேன்: உடம்பு சரியில்லை, வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன், காத்திருக்க முடியாது என்றால் தயங்காமல் கேன்சல் செய்யுங்கள். இரண்டு பேர் கேன்சல் செய்தார்கள். ஒன்பது பேர் காத்திருந்தார்கள். அந்த ஒன்பது பார்சலும் தாமதம் என்றே பதிவாயின, விகிதம் ஏறியது, அதைச் சரிக்கட்ட ஒரு மாதம் ஆனது. பீட்பேக்கில் மட்டும் ஒரு குறைகூட வரவில்லை. ஒருவர் "இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டு எழுதியிருந்தார்.