கூட்டம் என்றாலே கெட்டதா?

"கூட்டத்தோடு போகாதவனே நல்லவன்" என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை அப்படியே ஏற்க மனம் வரவில்லை.

1949 ஜனவரியில் இங்கே இந்தியர்களுக்கு எதிராக ஆப்பிரிக்கர்களின் கலவரம் மூண்டது. 142 பேர் இறந்தார்கள். எங்கள் ஆயா (பாட்டி) அப்போது டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் ஒன்பது வயதுச் சிறுமி. பக்கத்து வீட்டு அம்மா, ஜூலு என்ற ஆப்பிரிக்க இனத்தவர், அவரையும் தம்பியையும் இழுத்துப் போய்ச் சோள மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்து, கம்பளியால் மூடிவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாராம். அந்தக் கம்பளியில் அடித்த விறகுப் புகை வாசனையை ஆயா இன்றும் சொல்வார். சரி, அந்த அம்மா தன் கூட்டத்தையே எதிர்த்து நின்றவர். கட்டுரை சொல்வது இங்கே பொருந்துகிறது.

ஆனால் 1913ஐ என்ன செய்வது? ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் மீது போட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்து, இங்குள்ள நேட்டால் மாகாணத்தின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களைத் தூண்டியது பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து போன பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள். அப்புறம் இரண்டாயிரம் பேருக்கு மேல் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். அதே போராட்டத்தில் சிறை போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்தவர்தான் தில்லையாடி வள்ளியம்மை. அந்த ஊர்வலத்தின் கடைசி வரிசையில், பக்கத்து வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார் என்பதற்காக மட்டுமே நடந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களை நல்லவர்கள் இல்லை என்று என்னால் சொல்லவே முடியாது. அவர்களும் சேர்ந்து நடந்ததால்தான் 1914இல் அந்த வரி ஒழிந்தது. கட்டுரையாளர் அவர்களைப் பற்றியும் எழுத வேண்டும்.