ஊதா பல்பு என்று விற்கிறார்களே, அது எந்த ஊர் ஊதா?

பின்பால் எந்திரங்களுக்கு (சாய்ந்த பலகையில் இரும்புக் குண்டைத் தட்டி விளையாடும் ஆட்ட எந்திரங்கள்) எல்இடி பல்பு விற்கிறவர்கள் கத்தரிப்பூவை ஒருமுறையாவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சிவப்பு கேட்டால் சிவப்பு வருகிறது. பச்சை கேட்டால் பச்சை. ஆரஞ்சுகூட ஒழுங்காக வந்து சேர்கிறது. ஊதா கேட்டால் மட்டும் ஒரு கடையிலிருந்து நீலம் வருகிறது, இன்னொரு கடையிலிருந்து ரோஜா நிறம் வருகிறது. இரண்டு பொட்டலத்தின் மேலும் கூச்சமே இல்லாமல் 'பர்ப்பிள்' என்று அச்சடித்திருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது 1990களில் சிகாகோவில் செய்த எந்திரம். 6.3 வோல்ட்டில் எரியும் 555 ரகப் பல்புகள். பழைய இழை பல்பின் ஒளியில் சிவப்பு அதிகம், நீலம் குறைவு. அதனால் ஆட்டப் பலகையில் பதித்த, அடியிலிருந்து பல்பு ஒளியூட்டும் ஊதா பிளாஸ்டிக் வில்லைகள் திராட்சை ரசம்போல் சிவந்துதான் எரியும். அதைச் சரிசெய்யத்தான் எல்இடிக்கு மாறினேன். "வெள்ளை எல்இடியை மாட்டுங்கள், நிறத்தை வில்லை பார்த்துக்கொள்ளும்" என்று புத்தி சொல்ல எப்போதும் நான்கு பேர் இருக்கிறார்கள். பார்த்துக்கொள்ளாது ஐயா! வெள்ளை எல்இடி என்பது பெரும்பாலும் நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் (ஒளியின் நிறத்தை மாற்றும் பொடி) பூசிய சமாச்சாரம். அதில் ஆழ்ந்த சிவப்பு சொற்பம். வில்லை வழியாக நீலம் தாராளமாக வருகிறது. சிவப்பு வருவதற்கு அங்கே இருந்தால்தானே?

சரி, ஊதா என்றே எழுதியிருப்பதை வாங்கினால்? அதற்குள் புற ஊதாவை ஒட்டிய சில்லைத் திணித்துவிடுகிறார்கள், 400 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் ஒளிரும் வகை. மனிதக் கண்ணுக்கு மிகப் பளிச்சென்று தெரிவது 555 நானோமீட்டர் பச்சை. (பல்பின் எண்ணும் 555தான், இரண்டுக்கும் சம்பந்தமில்லை.) அதோடு ஒப்பிட்டால் 400-இல் நம் கண்ணின் உணர்திறன் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே வில்லை மங்கலாகக் கிடக்கிறது. ஆனால் பக்கத்தில் இருக்கும் வெள்ளை ரப்பர் வளையங்களும் பிளாஸ்டிக்கும் அந்தக் கதிரை வாங்கி நீலவெள்ளையாக ஒளிர ஆரம்பிக்கின்றன. எரிய வேண்டியது எரியவில்லை, எரியக்கூடாதது எல்லாம் எரிகிறது!

நான் கேட்கும் கத்தரிப்பூ ஊதாவுக்குத் தனி அலைநீளம் கிடையாது. வானவில்லின் ஓரத்தில் இருக்கும் ஊதா வேறு, அங்கே தேடினாலும் இது கிடைக்காது. சிவப்பையும் நீலத்தையும் கலந்துதான் ஆக வேண்டும். இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சில தயாரிப்பாளர்களுக்கும் தெரிந்திருக்கிறது, இரண்டு சில்லுகளையும் வைக்கிறார்கள். ஆனால் ஒளியைப் பரப்பிக் கலக்கும் பால்நிற மூடி போடாமல் கண்ணாடிபோல் தெளிந்த மூடியைப் போட்டுவிடுகிறார்கள். ஒரே வில்லையில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம், நடுவில் நகக்கண் அகலம்கூட ஊதா கிடையாது. போதாக்குறைக்கு, சிவப்புச் சில்லுக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வேண்டும். ஆட்டத்தின் நடுவே எந்திரம் விளக்குகளை மங்கலாக்கினால் நீலம் முதலில் படுத்துக்கொள்கிறது. ஊதா போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது.

வயிற்றெரிச்சல் எங்கே வருகிறது தெரியுமா? 2021 வாக்கில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் தெருவிளக்குகள் தாமாகவே ஊதாவாகிவிட்டன. வெள்ளை எல்இடிகளில் பாஸ்பர் பூச்சு கழன்றுவிட்டதாம். யாரும் கேட்காத நெடுஞ்சாலைக்கு ஊதா. காசு கொடுத்துக் கேட்கிற எனக்கு நீலம்!

"புதிய எந்திரம் வாங்குங்களேன், அதில் ஒவ்வொரு விளக்கையும் நினைத்த நிறத்துக்கு மாற்றலாம்" என்கிறார் ஒரு நண்பர். ஒரு டாலர் பல்பு சரியில்லை என்பதற்கு ஆயிரக்கணக்கான டாலரில் பரிகாரம் சொல்கிறார், நல்ல மனிதர்.

பொட்டலத்தில் இரண்டே இரண்டு எண்களை அச்சிடுங்கள். நீலச் சில்லு எத்தனை நானோமீட்டர், சிவப்பு எத்தனை. எதை வாங்குவதென்று நான் முடிவு செய்துகொள்கிறேன். அதைச் செய்ய மாட்டார்கள். படம் மட்டும் போடுவார்கள். இந்தப் பல்பை ஒரு கேமரா நீலமாகவும் இன்னொன்று ஊதாவாகவும் காட்டும். எது விற்குமோ அந்தப் படம் விளம்பரத்தில் ஏறும். புகார் எழுதினால், "நிறம் உங்கள் திரையைப் பொறுத்து மாறலாம்" என்று பதில் வருகிறது. ஐயா, பல்பு என் திரையில் இல்லை, சாக்கெட்டில் இருக்கிறது. அங்கேயும் நீலமாகத்தான் எரிகிறது!