கூடை வந்ததும் சாப்பிடத் தொடங்குங்கள், யாருக்காகவும் காத்திருக்காதீர்கள்

சீன டம்ப்ளிங் (கொழுக்கட்டை போல மாவுக்குள் பூரணம் வைத்தது), நூடுல்ஸ் கடைகளில் முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறு, உட்கார்ந்ததுமே வேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது. அந்தச் சமையலறையில் ஆவிக்கூடை ஒருவர் பொறுப்பு, நூடுல்ஸ் பானை இன்னொருவர் பொறுப்பு, தட்டைக்கல் வேறொருவர் பொறுப்பு. முதலில் இது, பிறகு அது என்ற வரிசை கிடையாது. எது வெந்ததோ அது வந்துவிடும். மேசை நிறைந்திருக்கும், பாதி ஆறிப்போயிருக்கும். இரண்டு பேர் போனால் ஆவியில் வெந்த டம்ப்ளிங் ஒரு கூடை, தட்டைக்கல்லில் போட்டது ஒரு தட்டு, நசுக்கிய வெள்ளரிக்காய் ஒன்று என்று தொடங்குங்கள். அது பாதி காலியானதும் நூடுல்ஸ் சொல்லுங்கள். தண்ணீர் எப்போதும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும், இழுத்த நூடுல்ஸ் வேக ஓரிரு நிமிடம் போதும்.

அதிகம் பாழாவது ஷாங்காய்ப் பக்கத்து சியாவ்லாங்பாவ், அதாவது உள்ளே சூப் நிறைந்த ஆவி டம்ப்ளிங்தான். உள்ளே இருக்கும் சூப்பை யாரும் ஊற்றி அடைப்பதில்லை. பன்றித் தோலை நெடுநேரம் கொதிக்கவைத்து, ஆறவிட்டால் கட்டியாக உறையும். அதைப் பொடியாக நறுக்கிக் கொத்துக்கறியோடு பிசைகிறார்கள். ஆவியில் அது உருகிச் சூப்பாகிறது. ஆறினால் மறுபடி கெட்டிப்படும், கொஞ்சம் மாவுத்தோலிலும் ஊறிவிடும். தோலோ கூடைத்துணியில் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் குச்சியால் இழுத்தால் அடிப்பக்கம் கிழிந்து சூப் முழுவதும் துணிக்குப் போய்விடும். தைவானின் டின் டாய் ஃபங் கடைகளில் 5 கிராம் மாவுக்குள் 16 கிராம் பூரணம் வைத்து 18 மடிப்பு போடுகிறார்கள். அவ்வளவு மெல்லிய தோல் தாமதத்தைத் தாங்காது.

படம் எடுப்பதென்றால் ஒன்றோடு நிறுத்துங்கள். மடிப்புகள் கூடும் உச்சியைக் குச்சியால் பிடித்து, லேசாக ஆட்டி விடுவித்து, கரண்டியில் வையுங்கள். ஓரத்தில் சின்னதாகக் கடித்து ஆவியை வெளியேற்றி, சூப்பை உறிஞ்சிவிட்டு, இஞ்சிச் சீவலோடு மிச்சத்தைச் சாப்பிடுங்கள். தொட்டுக்கொள்ள ஜென்ஜியாங் கறுப்பு வினிகர். சோயா சாஸ் கலந்தே தீருவேன் என்பவர்கள் மூன்று பங்கு வினிகருக்கு ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம். பூரணத்திலேயே உப்பு இருக்கிறது. கொழுப்பை வெட்டத்தான் புளிப்பு தேவை.

குவோத்தியே எனும் தட்டைக்கல் டம்ப்ளிங்கை எண்ணெயில் அடுக்கி, தண்ணீர் விட்டு மூடி, தண்ணீர் வற்றியபின் அடிப்பக்கத்தை முறுகவிடுவார்கள். முறுகிய பக்கம் மேலே தெரியும்படி கவிழ்த்துக் கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. திருப்பி வைத்தால் சொந்த ஆவியிலேயே நமத்துவிடும். தண்ணீரில் வேகும் ஷுய்ஜியாவுக்குப் பச்சைத் தண்ணீரில் பிசைந்த மாவு. கொதியைத் தாங்க அந்த இழுவை வேண்டும். ஆவியில் அவிப்பதற்கு வெந்நீரில் பிசைவது வழக்கம், மென்மையாக இருக்கும். ஷுய்ஜியாவில் விளிம்பு ஒட்டிய இடத்தைக் கடித்துப் பாருங்கள். அங்கே பச்சை மாவு கடிபட்டால் அவசரப்பட்டு எடுத்திருக்கிறார்கள்.

வட சீனாவில் பல கடைகளில் ஷுய்ஜியாவை எடைக்கணக்கில் விற்கிறார்கள். ஒரு லியாங் என்பது 50 கிராம். அதைப் பெரும்பாலும் மாவின் எடையாகத்தான் சொல்கிறார்கள், பூரணம் தனி. ஒரு லியாங்குக்கு ஐந்தாறு வரும். ஒருவருக்கு மூன்று லியாங் தாராளம். தெரியாமல் அரைக்கிலோ சொன்னால் மேசை கொள்ளாது.

லான்ஜோ மாட்டிறைச்சி நூடுல்ஸில் தடிமனை நாமே சொல்லலாம். மயிரிழை மெல்லியதிலிருந்து பட்டை அகலம்வரை உண்டு. மெல்லியதைப் பலர் ஆசையாகக் கேட்கிறார்கள், பேசிக்கொண்டே மெதுவாகச் சாப்பிடுகிறார்கள். அது சூப்பைக் குடித்து உப்பிக் குழைந்துவிடும். மெதுவாகச் சாப்பிடுபவர்களுக்கு அகலமானதுதான் சரி. மிளகாய் எண்ணெயைக் கலக்குமுன் சூப்பை இரண்டு கரண்டி வெறுமனே குடித்துப் பாருங்கள். தெளிந்த சூப்புதான் அந்தக் கிண்ணத்தின் உயிர். ஷியான் நகரத்து பியாங்பியாங் எனும் அகல நூடுல்ஸ் இதற்கு நேர்மாறு. மிளகாய்த்தூள்மேல் கொதிக்கும் எண்ணெய் ஊற்றி வருகிறது, உடனே அடியிலிருந்து புரட்டிக் கலக்காவிட்டால் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பார்சலுக்கு சியாவ்லாங்பாவைக் கேட்கவே கேட்காதீர்கள். நூடுல்ஸ் வேண்டுமென்றால் சூப்பைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். அப்போதும் கடையில் கிடைத்த பதம் வராது. மிஞ்சினாலும் கவலையில்லாதது ஷுய்ஜியா மட்டும்தான். குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் கொஞ்சம் எண்ணெயில் இரண்டு பக்கமும் பொன்னிறமாகப் போட்டு எடுத்தால் அபாரம்.