ரெய்டு இருந்தால் மட்டும் போதாது

படங்களையும் காணொளிகளையும் சேமித்து வைத்துப் பார்க்க உதவும் வீட்டுச் சர்வருக்கு ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறு கணினிப் பலகை போதும் என்றும், இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை ரெய்டு 1 முறையில் (ஒரே தரவை இரண்டிலும் ஒருசேர எழுதும் முறை) இணைத்துவிட்டால் கோப்புகள் பத்திரம் என்றும் இது பற்றிய கட்டுரை ஒன்றின் ஆசிரியர் கூறுகிறார். முதல் கருத்தைப் பாதியளவே ஏற்க முடிகிறது; இரண்டாவதை ஏற்க இயலவில்லை.

கோப்பைச் சேமித்து அப்படியே தொலைக்காட்சிக்கு அனுப்ப அந்தச் சிறு பலகை தாராளமாகப் போதும். ஆனால், பார்க்கும் கருவிக்கு ஒத்துவராத வடிவில் படம் இருந்தால், சர்வரிலிருந்து படங்களை ஓட்ட உதவும் ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள் அதை ஓடும்போதே வேறு வடிவுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது; பை 5இல் காணொளியை என்கோடு செய்யும் (புதிய வடிவில் எழுதும்) தனி வன்பொருள் இல்லாததால், சுமை முழுவதும் செயலியின் மேல் விழுந்து படம் தடுமாறக்கூடும். ஏழாம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெல் செயலியுடன் அலுவலகங்கள் கழித்துவிடும் சிறு கணினி, அச்செயலியிலேயே அமைந்த, காணொளியை வடிவு மாற்றும் குவிக் சிங்க் வசதியால் இதைச் சிரமமின்றிச் செய்யும். மின்செலவு சற்றுக் கூடும் என்பது உண்மையே.

ரெய்டு 1 காப்பது டிஸ்க் பழுதாவதிலிருந்து மட்டுமே. தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், அந்த அழிப்பும் உடனடியாக இரண்டிலும் பதிந்துவிடும். உயர் மின்னழுத்தம் பாய்ந்தால் இரண்டும் ஒன்றாகவே போகலாம். திரைப்படங்களை மறுபடியும் தேடிக்கொள்ளலாம், குழந்தையின் முதல் பிறந்தநாள் காணொளியை எங்கே தேடுவது? ஆகவே, இரண்டாம் டிஸ்க்கை ரெய்டில் பூட்டாமல், ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு வாரம் ஒருமுறை நகலெடுத்து, கழற்றி, இயன்றால் உறவினர் வீட்டில் வைப்பதே சிறந்தது. வெளியிலிருந்து பார்க்க விரும்புவோர் ரௌட்டரில் ஜெல்லிஃபினுக்கான போர்ட்டை (இணையத்திலிருந்து உள்ளே வரும் வாயிலை) நேரடியாகத் திறக்காமல், வயர்கார்டு என்ற மறையாக்கப்பட்ட தனி இணைப்பு (விபிஎன்) வழியாக இணைவது நல்லது.