‘சாக்கெட் க்ளோஸ்டு’ என்று கத்தாதே, ஏன் மூடியது என்று சொல்!

பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பகமாகத் தரும் செஃப் (Ceph) ஸ்டோரேஜை லினக்ஸ் கர்னல் வழியாக மவுன்ட் செய்திருக்கும் சர்வரில் கர்னல் லாகைத் திறந்து பாருங்கள். “லிப்செஃப்: ஓஎஸ்டி3”, அடுத்து ஒரு ஐபி முகவரி, அடுத்து “சாக்கெட் க்ளோஸ்டு, கான் ஸ்டேட் ஓப்பன்”. பக்கம் பக்கமாக இதே வரி! அதுவும் வெறும் தகவலாக இல்லை, வார்னிங் மட்டத்தில். ஓஎஸ்டி என்பது ஒரு டிஸ்க்கைக் கவனிக்கும் செஃப் ப்ராசஸ், லிப்செஃப் என்பது அதோடு பேசும் கர்னல் பகுதி, சாக்கெட் என்பது அந்த இணைப்பின் முனை, கான் ஸ்டேட் என்பது இணைப்பின் நிலை.

நடந்தது என்ன? ஒன்றுமே இல்லை. ஒரு இணைப்பில் 900 நொடி, அதாவது கால் மணி நேரம், எந்தப் பேச்சும் இல்லையென்றால் ஓஎஸ்டி அதை மூடிவிடும். அப்படித்தான் இயல்பாகவே அமைத்திருக்கிறார்கள், அது சரியும்கூட. நூற்றுக்கணக்கான க்ளையன்ட்டுகளின் சும்மா கிடக்கும் சாக்கெட்டுகளை அது எதற்குச் சுமக்க வேண்டும்? அடுத்த முறை அந்த ஓஎஸ்டியில் படிக்கவோ எழுதவோ வேண்டி வந்தால் க்ளையன்ட் தானே புது இணைப்பு போட்டுக்கொள்ளும். மேலே ஓடும் டேட்டாபேஸுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஒரு பைட்கூடத் தொலையாது. வேலை முடிந்து கடையைச் சாத்தியதற்கு ஊரைக் கூட்டுகிறது இந்த லாக்.

கத்துவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஓஎஸ்டி நிஜமாகவே செத்து விழுந்தாலும் முதலில் வருவது எழுத்து பிசகாமல் இதே வரிதான்! அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சும்மா இருந்ததால் மூடியதா, உயிர் போய் மூடியதா என்பதை அந்த வரியை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. இத்தனைக்கும் கர்னலுக்கு வித்தியாசம் தெரியும். இணைப்பு அறுந்ததும், அந்த ஓஎஸ்டிக்கு நிலுவையில் ஏதாவது கோரிக்கை இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் அந்த செஷனையே கைவிடுகிறது. ஆனால் பார்ப்பதற்கு முன்பே வார்னிங்கை அச்சடித்துவிடுகிறது. பார்த்துவிட்டு அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

இதன் விலையைக் கொடுப்பது இரவு ஷிஃப்டில் உட்கார்ந்திருப்பவர். கேபிளை மாற்று, ஸ்விட்ச் போர்ட்டை மாற்று, எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) குறை, கடைசியில் ஓஎஸ்டியையே ரீஸ்டார்ட் செய். ரீஸ்டார்ட் செய்தால் பிஜிக்கள் (டேட்டாவைப் பிரித்து வைத்திருக்கும் குழுக்கள்) மறுபடி பியரிங் செய்யும், அதாவது ஓஎஸ்டிகள் தங்களுக்குள் ஒத்துப் பார்க்கும், கொஞ்ச நேரம் பிரதி குறைந்து டீகிரேடட் ஆகும், பேசிக்கொண்டிருந்த எல்லா க்ளையன்ட்டிலும் அதே வரி திரும்ப வரும். இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்து நிஜ நோயை வரவழைப்பது இதுதான்.

“அதைக் கண்டுக்காதீங்க” என்று மொட்டையாகப் பதில் சொல்பவர்கள்மீது அதைவிடக் கோபம். எதைக் கண்டுகொள்ளக் கூடாது, எதைக் கண்டுகொள்ள வேண்டும் என்று யார் சொல்வது? அந்தப் பேச்சைக் கேட்டு “லிப்செஃப்” என்று தொடங்கும் எல்லாவற்றையும் அலர்ட்டிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒரு வரி வந்து அதோடு அமைதியானால், செஃப் ஹெல்த் “ஓகே” என்றால், விட்டுவிடுங்கள். அதே ஓஎஸ்டிக்கு “ஓப்பன்” அல்லாத வேறு ஸ்டேட்டாக (பழைய கர்னல்களில் “கான் ஸ்டேட் கனெக்டிங்” என்று) மாறி, மறுபடி மறுபடி வந்தால் எழுந்து உட்காருங்கள். அது இணைக்க முயன்று தோற்கிறது. ப்ராசஸ் விழுந்திருக்கும், அல்லது ஃபயர்வால் 6800-இல் தொடங்கும் ஓஎஸ்டி போர்ட்டுகளை அடைத்திருக்கும். பின்னாலேயே “ஓஎஸ்டி3 டவுன்” வந்தால் சந்தேகமே வேண்டாம். மற்ற ஓஎஸ்டிகளுக்கு 20 நொடி ஹார்ட்பீட் பதில் இல்லையென்றால் க்ளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் மானிட்டரிடம் புகார் போகும், அது டவுன் என்று குறித்துவிடும். “மான் செஷன் லாஸ்ட்” (மானிட்டரோடு தொடர்பு அறுந்தது) வந்த கையோடு “செஷன் எஸ்டாப்ளிஷ்டு” வந்தால் பயமில்லை, இரண்டாவது வராவிட்டால் பயம். செஃபின் ஃபைல் சிஸ்டமான செஃப்எஃப்எஸ்ஸில் “கேப்ஸ் ஸ்டேல்” (ஃபைல்களைக் கையாளும் அனுமதி காலாவதி) வந்தால் உடனே பாருங்கள்.

எம்டியூமேல் சந்தேகமா? இந்த வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். 9000 எம்டியூ என்றால், பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற கொடியோடு 8972 பைட் பிங் அனுப்புங்கள். மீதி 28 பைட் ஹெடருக்கு. போய்ச் சேராவிட்டால்தான் எம்டியூ குற்றவாளி.

வரியே வேண்டாம் என்று அந்த 900 நொடியை ஒரு நாளாக ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். செத்துப்போன க்ளையன்ட்டின் சாக்கெட்டும் அவ்வளவு நேரம் ஓஎஸ்டியில் தொங்கிக் கிடக்கும். அலர்ட் விதியில் “சாக்கெட் க்ளோஸ்டு”, “ஸ்டேட் ஓப்பன்” இரண்டும் சேர்ந்த வரியை மட்டும் விலக்கினால் போதும்.

செஃப் மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. இதே போன்ற இன்னொரு ஸ்டோரேஜ் மென்பொருளான க்ளஸ்டர்எஃப்எஸ்ஸின் (GlusterFS) பழைய 3 வரிசைப் பதிப்புகள், ஓடவே ஓடாத என்எஃப்எஸ் சேவையின் சாக்கெட்டை 3 நொடிக்கு ஒருமுறை தட்டி “இன்வேலிட் ஆர்க்யுமென்ட்” என்று எழுதிக்கொண்டிருந்தன. நாளுக்கு 28,800 வரி! அதற்கு நடுவில் நிஜமாகவே ஒரு பிரிக் (அதன் சேமிப்பு அலகு) அறுந்த வரியை எந்தக் கண் கண்டுபிடிக்கும்?