அழுதவளுக்கு மார்க் போட்ட கதை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் ஆறு பேர் வீடியோ காலில் கூடிப் பேசுவோம். மூன்று வருஷமாக நடக்கிறது. பொதுத் தலைப்பு என்று கேட்டால் முழுமைத் தத்துவம், ஆன்மிகம், சுய வளர்ச்சி என்று சொல்லலாம். ஒருவர் ஸ்ரீ அரவிந்தரின் பூரண யோகம் வழியாக வந்தவர். இன்னொருவர் முழுமைத் தத்துவத்தைப் பற்றி எழுதிய அமெரிக்கரான கென் வில்பரைக் கரைத்துக் குடித்தவர். இரண்டு பேர் தியான முகாம்களில் பழகியவர்கள். நான் ஆபீஸ் பயிற்சி வகுப்பில் யாரோ போர்டில் வரைந்த நான்கு கட்டத்தைப் பார்த்து, அது எங்கிருந்து வந்தது என்று தேடித் தேடி இதில் விழுந்தவன்.

ஒரு வாரம் எங்கள் தோழி ஒருத்தி பேசினாள். அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ராத்திரி இரண்டு முறை எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அன்று விடியற்காலை அம்மாவிடம் எரிந்து விழுந்துவிட்டாளாம். "அவங்க என்னைப் பார்த்த பார்வையை என்னால மறக்க முடியல" என்று சொல்லும்போது குரல் உடைந்தது.

நான் உடனே பேசினேன். ஆறு பேரில் முதல் ஆளாக. "இது நீல நிலையின் குற்ற உணர்ச்சி. கடமை என்கிற சட்டகத்துக்குள்ளேயே நீ இன்னும் இருக்கிறாய், அதைத் தாண்டிப் பார்க்கும்போது இது தானாகக் கரையும்" என்றேன். அதற்கு முன்னால் "ஜட்ஜ் பண்ணலை" என்று ஒரு வார்த்தை வேறு. (அந்த வார்த்தை வந்தால் அடுத்து தீர்ப்பு வருகிறது என்று அர்த்தம். எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.)

அவள் கேமராவை அணைத்தாள். ராத்திரி ஒரே ஒரு வரி மெசேஜ் வந்தது: "நான் அழுதேன். நீ மார்க் போட்ட."

இது என் ஒருவனின் கோளாறு என்றால் இத்தனை நீளமாக எழுத மாட்டேன். இந்த வகை உரையாடல்களுக்கே உள்ள நோய் இது. படிநிலைகள் உள்ள எந்தத் தத்துவத்தையும் கையில் எடுத்தவுடன், நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்ப்பதற்கு முன்னால் எதிரில் இருப்பவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று கண் போகிறது. அதுவும் நமக்குக் கீழே ஏதோ ஒரு படியாகத்தான் இருக்கும். மேலே இருப்பதாக யாரும் யாரையும் கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை.

நான் சொன்ன அந்த "நீலம்", கடமையும் ஒழுங்குமே பெரிது என்று வாழும் வளர்ச்சி நிலைக்கு வைத்த பெயர். அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கிளேர் கிரேவ்ஸ் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர், முதிர்ச்சியடைந்த மனிதர் என்றால் உங்கள் பார்வையில் யார் என்று மாணவர்களை எழுதச் சொல்லி, வருஷக்கணக்கில் அந்த விடைகளை மனித வளர்ச்சியின் நிலைகளாகத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் தன் நிலைகளுக்கு வைத்தது எழுத்து ஜோடிகளை. நிறங்கள் பின்னால் வந்தவர்கள் பூசியவை. நிறம் வந்ததும் வாயில் வைத்துக்கொள்ள வசதியாகிவிட்டது. எழுத்து ஜோடியைச் சொல்லி ஒருவரை மட்டம் தட்டுவது கஷ்டம். "அவர் இன்னும் பச்சை" என்பது எவ்வளவு சுலபம்!

ஜேன் லோவிஞ்சர் என்ற உளவியலாளரின் கதை இன்னும் சுவாரசியம். மனித முதிர்ச்சியின் நிலைகளை அளக்க அவர் ஒரு தேர்வு உருவாக்கி 1970இல் வெளியிட்டார். முப்பத்தாறு பாதி வாக்கியங்கள், மீதியை நாம் எழுத வேண்டும். "என்னை யாராவது விமர்சித்தால்..." என்று ஒன்று. "என் அம்மாவும் நானும்..." என்று இன்னொன்று. எழுதியதை மதிப்பிட ஆட்களுக்குத் தனிப் பயிற்சி. அதற்கென்று தடிமனான கையேடு. அதாவது, இந்தத் துறையில் ஆயுளைச் செலவழித்தவர், ஒரு மனிதர் ஏறத்தாழ எந்த நிலையில் இருக்கிறார் என்று சொல்ல முப்பத்தாறு வாக்கியம் கேட்டார். எனக்கு ஒரு விம்மல் போதுமாக இருந்தது.

இனி அந்த நான்கு கட்டம். வில்பரின் வரைபடம் எளிமையானது: எதையும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பார்க்கலாம், தனி ஆளாகவும் கூட்டமாகவும் பார்க்கலாம். ஆக நான்கு. தோழியின் விஷயத்தை அதில் வைத்துப் பார்த்திருந்தால்? அவள் கோபமும் குற்ற உணர்ச்சியும் ஒரு கட்டம். எட்டு மாதமாகத் துண்டு துண்டாகத் தூங்கும் அவள் உடம்பு இரண்டாவது. மகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோரும் ஒத்துக்கொண்டிருப்பது மூன்றாவது. ஆபீஸ் விடுப்பு, ஆள் வைக்க ஆகும் செலவு, அவள் தம்பி வேறு ஊரில் இருப்பது எல்லாம் நான்காவது. முழுமை முழுமை என்று மூன்று வருஷம் பேசியவன் நான்கில் ஒன்றை மட்டும், அதுவும் அரைகுறையாகப் பார்த்தேன். அவளுக்கு அன்று தேவைப்பட்டது இரண்டு ராத்திரி நல்ல தூக்கமாக இருந்திருக்கலாம். எந்தச் சட்டகத்தையும் தாண்டத் தேவையில்லை.

எனவே வரைபடத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைப் பொறுமையாகப் பயன்படுத்தியிருந்தால் அதுவே என்னைத் தடுத்திருக்கும். வில்பர் சொல்வதில் எனக்கு மிகவும் உதவிய விஷயம் ஒன்று உண்டு. விழிப்பது வேறு, வளர்வது வேறு என்கிறார். தியானத்தில் ஒருவருக்கு அபாரமான அனுபவங்கள் வரலாம். அதனால் அவர் மனிதராக வளர்ந்துவிட்டார் என்று ஆகாது. பெரிய குருமார்கள் சிலர் ஏன் சின்னப் பிள்ளைத்தனமாக நடந்துகொண்டார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் வாசித்ததில்லை. ஆனால் அதே வில்பர் 2006இல் தன் விமர்சகர்களைக் காரசாரமாக வசைபாடி ஒரு பதிவு எழுதினார். அவர்களில் பலருக்குத் தன்னைப் புரிந்துகொள்ளும் உயரம் இல்லை என்பதுதான் அதன் தொனி. வரைபடம் வரைந்தவருக்கே சறுக்குகிறது என்றால் நாமெல்லாம் எந்த மூலைக்கு?

இந்தச் சறுக்கல் பற்றி அரவிந்தர் முன்பே எச்சரித்திருக்கிறார். சாதகர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இடைப்பட்ட ஒரு பிரதேசத்தைப் பற்றிச் சொல்கிறார். சாதாரண மனநிலையைத் தாண்டியாகிவிட்டது, உண்மையான ஒளிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஒளி, குரல், உந்துதல் எல்லாம் அங்கே கிடைக்கும். உண்மையும் பொய்யும் கலந்தே கிடைக்கும். போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று நினைக்க வைக்கும் இடம். அகந்தை அங்கே சாகாமல் கொழுக்கும். எனக்கு அப்படி ஒளி கிளி எதுவும் தெரியவில்லை, நான் வெறும் புத்தகப் புழு. ஆனால் புத்தகத்துக்கும் அப்படி ஒரு இடைப்பட்ட பிரதேசம் உண்டு என்றுதான் படுகிறது. அரைகுறையாகப் படித்தவனுக்குத் தன் அகந்தையே ஞானம் போலத் தெரியும் இடம்.

அரவிந்தரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1926 நவம்பரில் அவர் தனிமைக்குள் போய்விட்டார். வருஷத்தில் ஒரு சில தரிசன நாட்களில் மட்டும் வெளியே தெரிவார். ஆனால் 1930களில், ராத்திரி ராத்திரியாக, சீடர்களின் கடிதங்களுக்குக் கைப்பட பதில் எழுதிக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான கடிதங்கள். நீரத்பரன் என்று ஒரு டாக்டர், எடின்பரோவில் படித்தவர், நோட்டுப் புத்தகத்தில் கேள்விகளை எழுதி அனுப்புவார். அதே நோட்டில் பதில் வரும். என்ன கேள்விகள்? கவிதை வரமாட்டேன் என்கிறது. நோயாளிக்கு மருந்து பிடிக்கவில்லை. எனக்கு யோகம் வராது போலிருக்கிறது. ஒரே சோர்வு. மனதுக்கு மேலான தெய்வீக உணர்வுநிலையை, அவர் மொழியில் சத்திய ஜீவியத்தை, பற்றி நூல் எழுதிய மனிதர், டாக்டரின் ஓயாத சோகத்தைக் கிண்டல் செய்கிறார், அவர் கவிதையை வரி வரியாகத் திருத்துகிறார், திரும்பத் திரும்ப அதே புலம்பலுக்குத் திரும்பத் திரும்பப் பதில் எழுதுகிறார். நீரத்பரனுக்கு அவர் தந்தது நேரம். வாழ்க்கை முழுவதும் யோகம் என்று சொன்னவர் கடிதத்துக்குப் பதில் போடுவதையும் அதற்குள் வைத்திருந்தார் போல.

படிநிலை என்பது மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். சைவ சித்தாந்தத்தில் சரியை (உடலால் தொண்டு), கிரியை (பூஜை), யோகம், ஞானம் என்று நான்கு படி இருக்கிறதே. உழவாரம் பிடித்துப் புல் செதுக்கிய அப்பர் சரியைக்கு. சம்பந்தர் கிரியைக்கு. இறைவனைத் தோழனாக வைத்துக்கொண்டு சண்டை போட்டுக் கேட்டு வாங்கிய சுந்தரர் யோகத்துக்கு. மாணிக்கவாசகர் ஞானத்துக்கு. சரி, இப்போது சொல்லுங்கள்: முதல் படிக்கு உதாரணம் அப்பர் என்பதால் அப்பர் கீழே இருக்கிறார் என்று எந்தச் சைவராவது சொல்வாரா? சொன்னால் சும்மா விடுவார்களா? நான்கு பேரையும் சேர்த்து நால்வர் என்கிறோம், ஒரே வரிசையில் நிறுத்திக் கும்பிடுகிறோம். தாயுமானவர் இந்த நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என்றார். அரும்பைப் பார்த்து "நீ இன்னும் கனியாகவில்லை" என்று குறை சொல்பவனைத் தோட்டக்காரன் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள்.

படிகளைப் பற்றிப் பேசியும் மனிதரை மட்டம் தட்டாமல் இருக்க ஒரு பண்பாட்டுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஏன் தெரியவில்லை என்று யோசித்தபோது ராபர்ட் கீகன் ஞாபகத்துக்கு வந்தார். வளர்ச்சி உளவியலாளர். வளர்ச்சி என்பதை அவர் சொல்கிற விதத்தை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: கண்ணாடி போட்டிருப்பவனுக்கு அது கண்ணில் இருக்கும்வரை தெரியாது, கழற்றிக் கையில் எடுத்தால்தான் அதன் பவரும் கீறலும் தெரியும். நம்மை ஆட்டி வைப்பதை நாம் கையில் எடுத்துப் பார்க்க முடிவதுதான் அடுத்த நிலை. இதுவரை எங்கள் குழுவில் எல்லோருக்கும் மனப்பாடம்.

நாங்கள் தாண்டிப் போன பகுதி வேறு. ஒருவர் அப்படி வளர, சுற்றியிருப்பவர்கள் மூன்று வேலை செய்ய வேண்டும் என்கிறார் கீகன். இப்போது இருக்கும் நிலையிலேயே அவரைத் தாங்கிப் பிடிப்பது. நேரம் வரும்போது மறுத்துப் பேசி விலக விடுவது. அவர் மாறிக்கொண்டிருக்கும்போது ஓடிப்போகாமல் பக்கத்திலேயே இருப்பது. சுய வளர்ச்சி பேசும் எங்கள் கூட்டத்தைப் பார்த்தால் முதல் வேலையைத் தாண்டி நேரே இரண்டாவதில் குதிப்போம். மூன்றாவதுக்கு ஆள் இருக்காது, வீடியோ கால் முடிந்திருக்கும். தோழியிடம் நான் செய்தது அதேதான். வேதனையை ஆன்மிகப் பேச்சால் மேலோடு தாண்டிப் போகும் இந்தப் பழக்கத்தை ஜான் வெல்வுட் என்ற உளவியலாளர் 1980களிலேயே பெயர் வைத்துச் சுட்டிக்காட்டிவிட்டார். அவர் சொன்னது தன் வேதனையைத் தாண்டுகிறவர்களைப் பற்றி. அடுத்தவர் வேதனையைத் தாண்டிக் குதித்த என்னைப் போன்றவர்களுக்கு அவர் தனிப் பெயர் வைக்கவில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

"இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்ற கேள்வியும் எங்கள் பேச்சில் அடிக்கடி வரும். இப்போது அதைக் கேட்டாலே எனக்குப் பல் கூசுகிறது. எல்லாவற்றிலும் பாடம் தேட வேண்டும் என்று என்ன கட்டாயம்? அம்மா படுக்கையில் இருக்கிறாள் என்பது ஒரு வொர்க்‌ஷாப்பா? பாடம் இருந்தால் பத்து வருஷம் கழித்து அவளாகச் சொல்லட்டும், சொல்லாமலும் போகட்டும்.

எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார், எல்லோரும் சார் என்போம். அதிகம் பேச மாட்டார். அந்த வாரக் கூட்டம் முடிந்ததும் எனக்குத் தனியாகப் போன் பண்ணினார். "தம்பி, அவங்க கேள்வி எதுவும் கேட்கல. நீங்க பதில் சொல்லிட்டீங்க" என்றார். திட்டவும் இல்லை. அப்புறம் வேறு ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் தோழி கூட்டத்துக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்டு நான் எழுதிய மெசேஜ்களில் கூட ஏதோ விளக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது, அனுப்பாமல் அழித்தேன். ஒரு ராத்திரி லோவிஞ்சரின் அந்த அரை வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு எனக்காக எழுத உட்கார்ந்தேன். என் அம்மாவும் நானும். முதல் தடவை எழுதியது ஏதோ கட்டுரைப் போட்டிக்கு எழுதியது போல் இருந்தது, அடித்தேன். இரண்டாவதில் நிறைய "புரிதல்", அதையும் அடித்தேன். நாலாவதோ ஐந்தாவதோ தடவை வந்தது இது: என் அம்மாவும் நானும் போனில் பேசினால் மூன்று நிமிஷம், அதில் இரண்டு நிமிஷம் நான் ஏன் அவசரமாகப் போக வேண்டும் என்பதைப் பற்றி.

தோழியைக் கூப்பிட்டேன். எடுத்தாள். பின்னால் யாரோ இருமும் சத்தம் கேட்டது. வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் அந்த வாக்கியத்தை அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. ஏதோ ஒரு கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ம்" என்றாள். "அப்புறம்?"