பிள்ளைகளை நம்பி ஒரு வேலையைக் கொடுங்கள்

மாதத்தின் முதல் சனிக்கிழமை தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஏதாவது ஒரு வங்கிக்குப் போய்ப் பாருங்கள். இரண்டாவது, நான்காவது சனி வங்கி கிடையாது என்பதால் முதல் சனியில் கூட்டம் நெரியும். ஓ.ஏ.பி. என்கிற முதியோர் உதவிப் பணம், நூறு நாள் வேலைக் கூலி என்று எடுக்க வந்த ஆயாக்கள் வாசல் படியிலேயே பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போகிறவர்களில் கொஞ்சம் படித்த முகமாகத் தெரிந்தால் போதும், "கண்ணு, இதைக் கொஞ்சம் எழுதிக் குடு கண்ணு" என்று பணம் எடுக்கிற சீட்டை நீட்டுவார்கள். ஒருவர் எழுதிக் கொடுப்பார், நாலு பேர் அவசரம் என்று போய்விடுவார்கள். நானும் அப்படிப் போயிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, ஒன்பதாவது படிக்கிற என் மகளை அந்தப் படியில் உட்கார வைத்தேன். கையில் இரண்டு பேனா, அவ்வளவுதான். முதல் சீட்டிலேயே கணக்கு எண்ணில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டாள். கேஷியர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஆயா மறுபடியும் படி இறங்கி வந்ததைப் பார்த்ததும் பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஒரு பையன் வந்தான். ஏழாவது படிக்கிறானாம். அப்பா அம்மா இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலை, இவன் இங்கே ஆயாவுடன் இருக்கிறான். பாஸ்புக்கை வாங்கி, கணக்கு எண்ணை நான்கு நான்காகப் பிரித்துப் பென்சிலில் கோடு போட்டான். "அக்கா, இப்படிப் பிரிச்சிக்கிட்டு எழுதுங்க, விட்டுப் போகாது. கடைசியில் தொகையை எண்ணிலும் எழுதணும், எழுத்திலும் எழுதணும்" என்றான். மூன்று வருடமாக அவன் ஆயாவுக்கு அவன்தான் எழுதிக் கொடுக்கிறானாம். அன்றைக்கு மதியத்துக்குள் இரண்டு பேருமாகப் பத்தொன்பது சீட்டு எழுதினார்கள்.

அந்தப் பையனைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். நம் மாவட்டத்தில் ஓசூர், பெங்களூரு, திருப்பூர் என்று வேலைக்குப் போன குடும்பங்கள் எத்தனை! அந்த வீட்டுப் பிள்ளைகள் தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள், ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறார்கள், கேஸ் சிலிண்டர் புக் பண்ணுகிறார்கள். "சேவை செய்யப் பிள்ளைகளுக்கு வயசு பத்தாது" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, யாரும் கேட்காமல் ஒரு வீட்டையே தாங்கிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் நம் தெருவில் இருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கிற விவரம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வர வேண்டும். நம் பிள்ளைகள் அவர்களோடு சேர வேண்டும்.

சரி, பள்ளியில்தான் இதெல்லாம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஜே.ஆர்.சி. என்கிற இளம் செஞ்சிலுவைச் சங்கம், சாரணர், பசுமைப் படை, நாட்டு நலப்பணித் திட்டம் எல்லாம் இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. கல்லூரி மாணவர் என்றால் வருடத்துக்கு 120 மணி நேரம், அப்புறம் ஏழு நாள் சிறப்பு முகாம். திட்டத்தில் குறை இல்லை. மனசு வைத்து நடத்துகிற ஆசிரியர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் பல இடங்களில் அது ஒரு போட்டோவோடு முடிந்துவிடுகிறது.

எங்கள் ஏரிக்கரையில் சில வருடம் முன்பு நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அமைப்பு பேனரோடு வந்தது. சுற்று வட்டாரப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை வேனில் கூட்டிவந்தார்கள். காலை பத்து மணிக்குள் முந்நூறு கன்று நட்டாயிற்று. ஆளுக்கொரு சான்றிதழ், ஒரு பிஸ்கட் பாக்கெட். பதினோரு மணிக்கு வேன் கிளம்பிவிட்டது. நட்டது பங்குனி மாசம்! சித்திரை வெயிலுக்கு ஒரு கன்றாவது நிற்குமா? தண்ணீர் ஊற்றுவது யார் என்று யாரும் கேட்கவில்லை. வைகாசியில் அந்தப் பக்கம் போனபோது குழி மட்டும் வரிசையாக இருந்தது. எனக்கு மரம் போனதைவிட, நட்ட பிள்ளைகள் அதே வழியாகத்தான் தினமும் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதுதான் வேதனையாக இருந்தது. இந்த மாதிரி வேலையை யாரும் கடைசிவரை செய்ய வேண்டியதில்லை என்று அந்தக் குழிகளைப் பார்த்துத்தானே அவர்கள் கற்றுக்கொள்வார்கள்?

முந்நூறு கன்று வேண்டாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு கன்று கொடுங்கள். இரண்டு கோடைக்கு அது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. ஒரு நாள் போகாவிட்டால் வாடிவிடும் என்று தெரிந்தால் பிள்ளை போகும். தான் இல்லாவிட்டால் நடக்காது என்கிற ஒரு வேலை கையில் இருந்தால் பிள்ளைகள் எப்படி மாறுகிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பார்த்தது தண்ணீர் விஷயத்தில். நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போர் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், ஃபுளூரைடு என்கிற உப்பு. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு, பல போர்களில் அதைத் தாண்டித்தான் வருகிறது. பல் முளைக்கிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்குப் பல்லில் பழுப்புக் கறை விழுந்துவிடும். எந்தப் பற்பொடி போட்டாலும் போகாது. வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பிடிக்கும், மூட்டு வலி, முதுகு வளைவது எல்லாம் வரும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தண்ணீர் வரத் தொடங்கியது. ஆனால் குழாயில் காவிரி வராத நாளில் சமையலுக்கும் குடிக்கவும் போர் தண்ணீர்தான். "காய்ச்சிக் குடிச்சா ஒண்ணும் ஆகாது" என்று வீட்டுக்கு வீடு ஒரு நம்பிக்கை வேறு. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கூடத்தான் செய்யும்.

எங்கள் கொட்டாயிலும் (எங்கள் சிற்றூரைத்தான் அப்படிச் சொல்வோம்) பக்கத்துக் காலனியிலுமாக ஏழு பிள்ளைகள், ஆறாவது முதல் பதினொன்றாவது வரை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார்கள். இடது பக்கம் வீடுகள், மேலே தேதி. எந்த நாள் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது, எத்தனை குடம் பிடித்தார்கள், வராத நாளில் எதில் சமைத்தார்கள். காவிரி வந்தால் நீலப் பேனாவில் ஒரு புள்ளி, போர் தண்ணீர் என்றால் சிவப்புப் புள்ளி. போகிற வீட்டில் எல்லாம் காய்ச்சுகிற கதையையும் சொல்லிவிட்டு வந்தார்கள். நாங்கள் பெரியவர்கள் சொன்னபோது கேட்காத பெண்கள், பல்லில் கறை இருக்கிற ஒரு பிள்ளை வாசலில் நின்று சொன்னபோது கேட்டார்கள்.

ஒரு மாதம் முடிந்து நோட்டை விரித்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கொட்டாய்ப் பக்கம் நீலம் அதிகம். காலனிப் பக்கத்துப் பக்கங்கள் முழுக்கச் சிவப்பு.

அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு பதினொன்றாவது படிக்கிற பெண் எழுந்து அதை வாசித்தாள். குரல் நடுங்கியது. ஆனால் தேதி தேதியாக வாசித்தாள். "தண்ணி சரியா வரல" என்று நாங்கள் சொன்னால் ஆயிரம் பதில் வரும். பதினேழாம் தேதி வரவில்லை, பதினெட்டாம் தேதி மூன்று குடம் என்று சொன்னால் பதில் சொல்வது கஷ்டம். பதினைந்து நாளில் வால்வை மாற்றினார்கள். இப்போது காலனிக்கும் வருகிறது, முழுசாக இல்லை, முன்னைவிடப் பரவாயில்லை. நோட்டு இன்னும் ஓடுகிறது.

நம் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் சாதி வன்முறையில் மூன்று தலித் காலனிகளில் வீடுகள் எரிந்ததை நாம் மறக்க முடியாது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு ஊரும் காலனியும் ஒரே பள்ளியில் இருந்தாலும், மணி அடித்ததும் இரண்டு பாதையாகப் பிரிகிறது. ஒரே நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் எல்லாத் தெருவிலும் சேர்ந்து நடந்தால், நம் தெருவில் நீலப் புள்ளி, அவன் தெருவில் ஏன் சிவப்பு என்று ஊர்ப் பிள்ளையே கேட்கிறான். என் மகளோடு நடந்த ஒரு பையன் அதை அவன் வீட்டிலேயே போய்க் கேட்டான். அந்த வீட்டில் அன்றைக்கு என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டானே, அது எனக்குப் பெரிய விஷயம்.

இதற்குள்ளேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. சேவை என்று பெயர் வைத்து, குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவவும் குப்பை அள்ளவும் அனுப்புகிற வேலை எங்கே நடந்தாலும் அதைத் தட்டிக் கேளுங்கள். பெரியவர்கள் கூலி கொடுத்துச் செய்ய வேண்டியதைப் பிள்ளைகளிடம் சும்மா வாங்குவது சேவை ஆகாது. என்ன வேலை என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

பெற்றோருக்கு இரண்டு பயம். ஒன்று படிப்பு. பத்தாவது, பன்னிரண்டாவது என்றாலே வீட்டில் டிவியைக்கூட நிறுத்திவிடுகிறோம், புரிகிறது. ஆனால் நான் கேட்பது மாதத்தில் ஓர் அரை நாள். இதனால் மார்க் கூடும் என்று சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. இரண்டாவது பயம், பெண் பிள்ளையை வெளியே அனுப்புவது. அது நியாயமான பயம். அதனால் தனியாக அனுப்பாதீர்கள், இரண்டு பேராவது சேர்ந்து போகட்டும், எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பெரியவருக்குத் தெரிந்திருக்கட்டும். வங்கி வாசலில் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு கட்டுப்பாடு: பணத்தைத் தொடக் கூடாது, யாருடைய ரகசிய எண்ணையும் கேட்கக் கூடாது, ஆயாவே சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. பொறுப்பைக் கொடுக்கிறபோது அதன் எல்லையையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

உள்ளூர்ப் பிள்ளைகளை நம்பினால் எதுவரை போகலாம் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. அரூர் பக்கம் சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-ல் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். செவிலியரை வெளியூரில் தேடவில்லை. அந்த மலைப்பள்ளத்தாக்குப் பெண்களுக்கே சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களை நம்பித்தான் அந்த மருத்துவமனை வளர்ந்தது.

உங்கள் ஊரில் என்ன வேலை என்று என்னைக் கேட்காதீர்கள், பிள்ளைகளைக் கேளுங்கள். நாம் பார்க்காததை அவர்கள் பார்க்கிறார்கள். எந்த அங்கன்வாடிக் குழந்தை யாரும் கூட்டிவராமல் தனியாக வருகிறது, எந்தத் தாத்தா மூன்று நாளாகத் திண்ணையில் காணோம், எந்த அக்காவுக்கு பதினாறு வயதில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. கடைசியாகச் சொன்னதற்கு 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு பிள்ளையையும் மனப்பாடம் செய்ய வையுங்கள்.

வருகிற முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் வங்கி வாசலில் இருப்பார்கள். கைநாட்டு வைக்கிற மைப்பெட்டி காய்ந்து கிடக்கிறது என்று மகள் போன மாதமே சொன்னாள். இந்த முறை அவளே தன் காசில் புதுசு ஒன்று வாங்கி, பேனாவோடு பையில் எடுத்து வைத்திருக்கிறாள். பென்னாகரம் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். படியில் இடம் இருக்கிறது.